விலா எலும்பை எடுத்த இடத்தில் என்ன வைப்பார்கள்? ஆபரேஷன் தேதிக்கு முன் வீட்டார் செய்ய வேண்டியவை

என் தம்பி கடலூர் தேவனாம்பட்டினத்தில் விசைப்படகில் மீன்பிடிக்கப் போகிறவன். வலது மார்புக்குக் கீழே ஒரு புடைப்பு. வலை இழுத்ததில் சதை பிசகியிருக்கும் என்று ஐந்து மாதம் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தோம். பயாப்சியில் காண்ட்ரோசார்கோமா என்று வந்தது. குருத்தெலும்பிலிருந்து கிளம்பும் புற்றுநோய். நெஞ்சுச்சுவரிலேயே தோன்றும் புற்றுக்கட்டிகளில் அதிகம் பார்ப்பது இதைத்தான். கீமோவுக்கும் கதிர்வீச்சுக்கும் எளிதில் மசியாது. சுற்றிலும் நல்ல பகுதியையும் சேர்த்து வெட்டி எடுப்பதுதான் வைத்தியம்.

நாங்கள் முதலில் சேர்த்த இடத்தில், மூன்றாம் நாள் பில்லிங்கிலிருந்து ஒருவர் வந்து, “விலா எலும்பு மூணு எடுக்கணுமாம். அந்த இடத்துக்கு டைட்டானியமா சிமென்ட்டா, நாளைக்குள்ள சொல்லிடுங்கம்மா” என்றார். டாக்டர் பேசவில்லை. ஏன் இது, ஏன் அது என்று யாரும் விளக்கவில்லை. விலை அதிகமானது நல்லதாக இருக்கும் என்று நம்பி நகையை அடகு வைத்துவிட்டேன். காப்பீட்டு அனுமதியில் இம்பிளான்ட், அதாவது உடம்புக்குள் வைக்கும் பொருள், இல்லை என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. தேதி இரண்டு முறை தள்ளிப்போனது. கடைசியில் புதுச்சேரியில் வேறு இடத்தில் ஆபரேஷன் நடந்தது. அங்கே இருந்த நெஞ்சு அறுவை நிபுணர் ஒரு மணி நேரம் உட்கார்ந்து படம் போட்டுக் காட்டினார். அவரிடம் கற்றதையும் நாங்கள் அலைந்து தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறேன். எந்தப் பொருள் என்பதை அறுவை நிபுணர்தான் முடிவு செய்ய வேண்டும். அந்த முடிவுக்கு வேண்டிய தகவலை அவர் கையில் சேர்ப்பதும், அதற்கான தாள்களைத் தேதிக்கு முன் தயாராக வைப்பதும் நம் வேலை.

1. “எதுவும் வைக்காமல் விடலாமா?” என்பதே முதல் கேள்வி

எலும்பை எடுத்தாலே ஏதாவது வைத்தாக வேண்டும் என்பதில்லை. ஓட்டை 5 செ.மீ.க்குள் இருந்தால் பெரும்பாலும் எலும்புக்கு மாற்று தேவைப்படாது, மேலே இருக்கும் சதையே மூடிக்கொள்ளும். முதுகுப் பக்கம் மேலே என்றால் 10 செ.மீ. வரைகூட விடுவார்கள், தோள்பட்டை எலும்பு பலகைபோல மறைத்துக்கொள்ளும். அங்கே ஒரு விதிவிலக்கு உண்டு. தோள்பட்டை எலும்பின் கீழ் நுனி வந்து முட்டும் இடத்தில் ஓட்டை இருந்தால், கையைத் தூக்கும்போது நுனி உள்ளே போய் மாட்டிக்கொள்ளும். அங்கே சிறிய ஓட்டையையும் மூட வேண்டிவரும்.

முன்பக்கமும் பக்கவாட்டிலும் மூன்று நான்கு விலா போகிறது என்றால் கதை வேறு. மூச்சை இழுக்கும்போது நெஞ்சு விரிய வேண்டும், அந்த இடம் மட்டும் உள்ளே குழியும். விடும்போது வெளியே தள்ளும். இருமிச் சளியைத் துப்ப முடியாது, வென்டிலேட்டரிலிருந்து எடுப்பதும் தாமதமாகும். இதைத் தடுக்கத்தான் வலை, தகடு, சிமென்ட் எல்லாம்.

ஆகவே டாக்டரிடம் கேட்க வேண்டியது மூன்று: எத்தனை விலா எடுக்கிறீர்கள், ஓட்டை எத்தனை செ.மீ. வரும், முன்னாலா பக்கவாட்டிலா பின்னாலா. நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். இந்த மூன்றும் தெரியாமல் டைட்டானியமா சிமென்ட்டா என்று யார் கேட்டாலும் பதில் சொல்லாதீர்கள்.

2. கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்ல வேண்டியவை

என்ன வேலை. இதை முதல் இடத்தில் யாரும் கேட்கவே இல்லை. இரண்டாம் இடத்தில் வலை இழுக்கிறவன் என்று சொன்னதும் டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ஓட்டையின் மேல் போர்த்த முதுகின் பெரிய சதையைத் திருப்பிக் கொண்டுவருவது வழக்கமாம், லாட்டிசிமஸ் என்பார்கள். கயிறையும் வலையையும் இழுக்கும் பலம் அந்தச் சதையில்தான் இருக்கிறது. தம்பிக்கு மேல் சதையும் தோலும் நோய் படாமல் இருந்ததால் அதைத் தொடாமலே முடித்தார். கொத்தனார், லோடுமேன், கரும்பு வெட்டுபவர், துடுப்புப் போடுபவர் யாராக இருந்தாலும் இதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

அந்த இடத்தில் முன்பு கதிர்வீச்சு கொடுத்திருக்கிறார்களா, சீழ் வைத்த புண் இருக்கிறதா என்பதும் முக்கியம். மார்பகப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு வாங்கி, வருடங்கள் கழித்து அதே இடத்தில் புண்ணோடு வருகிறவர்கள் இருக்கிறார்கள். கிருமி இருக்கும் இடத்தில் செயற்கை வலை வைத்தால் அதுவே கிருமிக்கு வீடாகிவிடும். பிறகு திறந்து எடுக்க வேண்டியதுதான்.

சர்க்கரை, பீடி சிகரெட், ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மாத்திரை. சர்க்கரைக்கு மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி எடுத்துக்கொண்டு போங்கள். பீடியை நான்கு வாரமாவது முன்கூட்டி நிறுத்தினால்தான் புண் ஆறுவதிலும் நுரையீரலிலும் பயன் தெரியும். தம்பி பன்னிரண்டு வருடப் பழக்கத்தை விட்டான். அந்த நான்கு வாரம் வீட்டில் எல்லாருக்கும் கஷ்டம்தான், அதற்கும் தயாராக இருங்கள்.

மருந்து ஒவ்வாமை. எலும்பு சிமென்ட்டில் சில வகை ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் கலந்தே வருகிறது. அந்த ஊசி முன்பு ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால் சொல்ல வேண்டும்.

மாடு, பன்றி பற்றிய உங்கள் நம்பிக்கை. உயிரியல் வலை என்று ஒரு வகை இருக்கிறது. மாட்டின் இதய உறையிலிருந்தோ பன்றித் தோலிலிருந்தோ செல்களை நீக்கித் தயாரிப்பது. வைத்த பிறகு தெரிந்து மனம் உடைவதைவிட முன்பே கேட்டுவிடலாம். எந்த டாக்டரும் இதைத் தப்பாக நினைக்க மாட்டார்.

3. பொருள்களைப் புரிந்துகொள்ளுதல்

டாக்டர் மெஷ் என்றதும் எனக்குப் புரியவில்லை, தம்பிக்குப் புரிந்துவிட்டது. கையில் வாங்கி விரித்துப் பார்த்து, “கண்ணி பொடிசா இருக்கு அக்கா, நம்ம வலை மாதிரிதான்” என்றான். அவன் புரிந்துகொண்ட வழியிலேயே சொல்கிறேன்.

பாலிப்ரொப்பிலீன் வலை. குடலிறக்க ஆபரேஷனுக்கு வைக்கும் அதே வகை. கண்ணி உள்ளது. நம் சதை கண்ணிக்குள் வளர்ந்து பிடித்துக்கொள்ளும். நான்கு பக்கமும் இழுத்துக் கட்டினால் முரசுத்தோல்போல விறைப்பாக நிற்கும். நெஞ்சுக்குள் ஊறும் நீர் கண்ணி வழியாகத் தோலுக்கடியில் வரும், உள்ளே நுரையீரல் ஒட்டிக்கொள்ளவும் கூடும். விலை ஆயிரங்களில்தான்.

பிடிஎஃப்இ ஷீட். கோர்டெக்ஸ் என்ற பெயரில் அதிகம் கேள்விப்படுவீர்கள். கண்ணி கிடையாது, தார்ப்பாய்போல. நீரும் காற்றும் புகாது. சதை இதற்குள் வளராது, அதனால் தையல்தான் காலம் முழுக்கப் பிடிமானம். கிருமி தொற்றினால் பெரும்பாலும் எடுத்துவிட வேண்டிவரும். 2 மி.மீ. கனமுள்ளதைத்தான் பலரும் வைக்கிறார்கள். விலை பத்தாயிரங்களில் போகும், ஓட்டை பெரிதானால் ஷீட்டும் பெரிது, விலையும் ஏறும்.

சிமென்ட் சாண்ட்விச். இரண்டு வலைக்கு நடுவில் மெத்தில் மெத்தாக்ரிலேட் என்ற எலும்பு சிமென்ட்டைப் பிசைந்து வைத்து நெஞ்சின் வளைவுக்கு வார்ப்பது. முழங்கால் மாற்றும் இடங்களில் எல்லாம் இருக்கும் சிமென்ட் என்பதால் நம் ஊர்ப்பக்கம் சுலபமாகக் கிடைக்கும், செலவும் குறைவு. முன்பக்கம் மார்பெலும்பே போகும் பெரிய ஓட்டைக்கு நல்ல கவசம். இறுகும்போது கடுமையாகச் சூடாகும், அதனால் வெளியே வார்த்து ஆறவைத்து வைப்பார்கள், அல்லது உள்ளே இருந்தால் சலைன் ஊற்றிக் குளிரவைப்பார்கள். குறை என்னவென்றால் கல்போல இருக்கும், மூச்சோடு அசையாது. சிலருக்கு வலி நீடிக்கும். நீர் கோத்துக்கொள்வதும் கிருமி பிடிப்பதும் உண்டு, நாள்பட விரிசலும் விடலாம். “மலிவு வைத்தியம்” என்று இதை ஒதுக்காதீர்கள். சரியான ஓட்டைக்குச் சரியான பொருள்தான்.

டைட்டானியம் தகடு. வெட்டிய விலாவின் இரண்டு முனையையும் பாலம்போல இணைப்பது. இலேசானது, உடம்பு ஏற்கும், காந்தம் இழுக்காது என்பதால் எம்ஆர்ஐ எடுக்கலாம். சி.டி. ஸ்கேனில் தகட்டைச் சுற்றிக் கொஞ்சம் கலங்கலாகத் தெரியும். பின்னால் கதிர்வீச்சு தேவைப்படும் நோயாளி என்றால், அந்த டாக்டரிடமும் முன்பே கலந்து பேசச் சொல்லுங்கள். மூச்சுவிடும்போதெல்லாம் அசையும் இடம் என்பதால் தகடு உடைவதும் ஸ்க்ரூ கழல்வதும் நடப்பதுண்டு, முன்பக்கத்தில் இன்னும் கவனம் வேண்டும். நாங்கள் ஏமாந்த இடம் இதுதான்: தகடு பாலம் மட்டும்தான், ஓட்டையை அது மூடாது. அடியில் வலையோ ஷீட்டோ பெரும்பாலும் தனியாக வேண்டும். எங்கள் முதல் மதிப்பீட்டில் மூன்று தகடு இருந்தது, ஷீட் இல்லை. விலை, தகடும் ஸ்க்ரூவும் சேர்ந்து எளிதில் லட்சத்தைத் தொடும்.

கரையும் வலை. பாலிகிளாக்டின் வகை இரண்டு மாதம், பத்து வாரத்துக்குள் கரைந்துவிடும். கிருமி உள்ள இடத்தில் தற்காலிகமாக வைக்கலாம், நிரந்தர பலம் தராது. உயிரியல் வலையும் இப்படிப்பட்ட இடத்துக்குத்தான் அதிகம் யோசிப்பார்கள், விலை மிகவும் அதிகம்.

அச்சடித்த டைட்டானியம் நெஞ்சுக்கூடு. 2015-ல் ஸ்பெயினின் சாலமன்காவில் ஒருவருக்கு வைத்தார்கள், ஆஸ்திரேலியாவில் செய்து அனுப்பினார்கள். அந்த வீடியோவை அனுப்பி, இதையே கேள் என்று எங்களுக்கும் சொந்தக்காரர்கள் சொன்னார்கள். மார்பெலும்போடு பல விலாவும் போகிறவர்களுக்கு அது யோசிக்கத்தக்கது. ஒவ்வொருவர் சி.டி.யையும் வைத்துத் தனியாக வடிவமைக்க வாரக்கணக்கில் ஆகும், செலவு பல லட்சம். மூன்று விலாவுக்கு அதைத் தேடி ஓடி நாளை வீணாக்க வேண்டாம். கட்டி காத்திருக்காது.

வளரும் பிள்ளைகளுக்குக் கணக்கே வேறு. உடம்பு வளரும்போது விறைப்பான பொருள் வளராது. குழந்தை அறுவை நிபுணரையும் சேர்த்துக் கேளுங்கள்.

தம்பிக்குக் கடைசியில் 2 மி.மீ. ஷீட்டை இறுக்கிக் கட்டி, நடுவிலாவுக்கு ஒரே ஒரு தகடு வைத்தார்கள். முதலில் கேட்ட மூன்று தகட்டில் இரண்டு தேவையே படவில்லை.

4. மதிப்பீட்டுத் தாளில் பார்க்க வேண்டியவை

‘இம்பிளான்ட்’ என்று ஒரே வரியில் தொகை போட்டிருந்தால் வாங்காதீர்கள். பொருளின் பெயர், கம்பெனி, அளவு, எத்தனை எண்ணிக்கை, ஸ்க்ரூ எத்தனை, வலை தனியா என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். பயன்படுத்தாத தகட்டுக்குப் பணம் உண்டா இல்லையா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். தகடு பெட்டியாக வரும், உள்ளே பல அளவு இருக்கும். எடுத்ததற்கு மட்டும்தான் பில் போட வேண்டும்.

இதய ஸ்டென்ட்டுக்கு 2017 பிப்ரவரியிலும் செயற்கை முழங்காலுக்கு அதே ஆண்டு ஆகஸ்டிலும் அரசு உச்ச விலை வைத்தது. விலாத் தகட்டுக்கு அப்படி உச்ச விலை இல்லை. எம்.ஆர்.பி.யை ஓர் ஆண்டில் 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது என்ற விதி மட்டும் உண்டு. அதனால் ஒரே பொருளுக்கு இரண்டு இடத்தில் இரண்டு விலை சொல்வார்கள். எங்களுக்கும் அதுதான் நடந்தது. எம்.ஆர்.பி. ஒட்டிய உறையைக் காட்டச் சொல்லிக் கேட்பது நம் உரிமை.

இம்பிளான்ட் தவிர ஐ.சி.யூ. நாள், ரத்தம், மயக்க மருந்து, வெட்டிய கட்டியின் பரிசோதனை எல்லாம் சேர்ந்ததா என்று கேளுங்கள். கட்டிப் பரிசோதனையைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

5. காப்பீடும் தாள்களும்

கடலூர்க்காரர்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. அட்டை இல்லாதவர்கள் குடும்ப அட்டை, எல்லார் ஆதார், வருமானச் சான்று ஆகியவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். வருமானச் சான்றை இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பிக்கலாம். வி.ஏ.ஓ., ஆர்.ஐ. கடந்து வர நாள் பிடிக்கும். பயாப்சி கொடுத்த அன்றே இதையும் போட்டுவிடுங்கள்.

பெரிய பொறி பெயர்தான். தம்பி ஆதாரில் இனிஷியல் பின்னால், குடும்ப அட்டையில் முன்னால், ஆஸ்பத்திரிச் சீட்டில் இனிஷியலே இல்லை. அனுமதி இதற்காகவே திரும்பி வந்தது. ஓ.பி. சீட்டு போடும் முதல் நாளே ஆதாரைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து அதேபோலப் போடச் சொல்லுங்கள்.

கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் போகிறவர்கள் கவனிக்க: அது வேறு நிர்வாகம். ஆயுஷ்மான் பாரத் பயனாளியாக இருந்தால் அந்தத் திட்டத்தில் சேர்ந்த எந்த மாநில ஆஸ்பத்திரியிலும் அட்டை செல்லும். மாநிலத் திட்ட அட்டை மட்டும் என்றால், அந்த ஆஸ்பத்திரியில், அந்த ஆபரேஷனுக்குச் செல்லுமா என்று காப்பீட்டுக் கவுண்டரில் கேட்டுவிட்டுத்தான் அட்மிஷன் போட வேண்டும். புதுச்சேரிக்காரர்கள் சிவப்பு ரேஷன் அட்டையின் நகலைக் கையோடு வைத்திருங்கள். கோரிமேட்டில் இருக்கும் ஜிப்மர் மத்திய அரசு நிறுவனம், இரு பக்கத்து மக்களும் போகலாம்.

முன் அனுமதி கேட்டு அனுப்பும்போது ஆபரேஷனுக்கான தொகுப்பில் இம்பிளான்ட் அடங்குமா, தனியாகக் கேட்க வேண்டுமா என்று விசாரியுங்கள். எங்களுக்குப் போனது வெறும் ‘விலா எலும்பு அகற்றல்’. தகடும் ஷீட்டும் அதில் இல்லை. திரும்பக் கேட்டு வாங்க ஒன்பது நாள் ஆயிற்று.

வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளவர்களுக்கு, அரசு ஆஸ்பத்திரியில் சேரும்போது, ராஷ்ட்ரிய ஆரோக்கிய நிதி என்ற மத்திய அரசு உதவி உண்டு. செலவழித்து முடித்துவிட்டு பில்லோடு போனால் தரமாட்டார்கள். ஆபரேஷனுக்கு முன்பே விண்ணப்பம் போக வேண்டும்.

கையில் இருக்க வேண்டிய பை:
- பயாப்சி ரிப்போர்ட். வேறு ஆஸ்பத்திரிக்குப் போனால் கண்ணாடி ஸ்லைடும் மெழுகு பிளாக்கும் சேர்த்து.
- சி.டி. ஸ்கேன், எம்ஆர்ஐ இரண்டும் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்கும் டிஸ்க்கில். ஃபிலிமைப் போட்டோ பிடித்து வாட்ஸப்பில் அனுப்பினால் ஓட்டையை அளக்க முடியாது.
- நுரையீரல் திறன் பரிசோதனை, எக்கோ, ரத்த வகை.
- பழைய ஆபரேஷன், கதிர்வீச்சுச் சீட்டுகள்.
- ஆதார், குடும்ப அட்டை, காப்பீட்டு அட்டை, ஐந்தைந்து நகல்.

6. காலக்கணக்கு

எலும்புக் கட்டியின் பயாப்சி மற்றதைவிடத் தாமதமாகும். எலும்பிலிருந்து சுண்ணாம்பை நீக்கி மென்மையாக்கிய பிறகே வெட்டிப் பார்க்க முடியும். பத்து நாளுக்கு மேலானாலும் பயப்பட வேண்டாம். தகட்டுப் பெட்டி பெரும்பாலும் சென்னையிலிருந்து வரும். வந்து, கருவிகளைக் கிருமி நீக்கி வைக்க வேண்டும். ஆபரேஷனுக்கு முந்தைய நாள் மாலைக்குள் பெட்டி வந்துவிட்டதா என்று வார்டு நர்ஸிடம் கேளுங்கள்.

ரத்தம் கொடுக்க ஆள் வேண்டும். எங்களுக்குத் தேதி மே மாதத்தில் அமைந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், பையன்கள் எல்லாம் கரையில் இருந்தார்கள். ஒரு வேன் நிறைய வந்தார்கள். தம்பிக்கும் வேலையை விட்ட நஷ்டம் பாதி குறைந்தது. அவசரம் இல்லை என்று டாக்டரே சொன்னால் மட்டும் இப்படித் தேதி பாருங்கள். அதற்காகத் தள்ளிப்போடக் கூடாது.

காத்திருக்கும் நாளில் மூன்று பந்து ஊதுகருவியை வாங்கி உள்ளிழுத்துப் பழகுங்கள். பெயர்தான் ஊதுகருவி, உறிஞ்ச வேண்டியது. ஆபரேஷனுக்குப் பிறகு வலியோடு புதிதாகக் கற்றுக்கொள்ள முடியாது.

7. ஆபரேஷனுக்குப் பிறகு

இரண்டு நாள் ஐ.சி.யூ., பன்னிரண்டு நாள் வார்டு, தம்பிக்கு. நெஞ்சில் ஒரு குழாய், தோலுக்கடியில் ஒரு குழாய். இரண்டாவதை அவசரப்பட்டு எடுக்கச் சொல்லாதீர்கள், நீர் கோத்துக்கொள்ளும். வலி மருந்தைக் கேட்டு வாங்குங்கள். வலியை அடக்கிக்கொண்டு இருமாமல் இருந்தால் சளி தங்கி நிமோனியா வரும்.

மூன்று மாதம் கனம் தூக்கக் கூடாது என்றார்கள். காய்ச்சல், தையலில் சிவப்பு, கசிவு, திடீர் வீக்கம், மூச்சுவிடும்போது ‘டக் டக்’ என்ற சத்தம், புதிதாகக் குத்தும் வலி இவற்றில் எது வந்தாலும் அடுத்த பரிசோதனை நாள் வரை காத்திருக்கக் கூடாது. வருடம் கழிந்து வந்தாலும் அப்படித்தான், கிருமி தாமதமாகவும் பிடிக்கும்.

டிஸ்சார்ஜ் அன்று கடைசியாக ஒன்று. தகடு, ஷீட் உறையில் பெயர், அளவு, லாட் எண் அச்சடித்த ஸ்டிக்கர்கள் இருக்கும். ஒன்று கேஸ் ஷீட்டில் ஒட்டுவார்கள். இன்னொன்றை டிஸ்சார்ஜ் சீட்டில் ஒட்டித் தரச் சொல்லுங்கள், ஆபரேஷன் குறிப்பின் நகலும் வாங்குங்கள். நாளைக்கு எம்ஆர்ஐ எடுக்கும் இடத்திலும், மறுபடி திறக்க நேர்ந்தால் எந்த ஸ்க்ரூ டிரைவர் வேண்டும் என்று தேடும் டாக்டருக்கும் அந்தச் சீட்டுதான் பதில் சொல்லும். தம்பியுடையதை லேமினேட் செய்து, ஒரு நகல் அவன் பர்ஸிலும் ஒன்று படகின் உரிமப் பையிலும் வைத்திருக்கிறோம்.